தூண்டில் ஒரு கையில், கெமரா எந்தக் கையில்?

கேள்வி – 2024 மார்ச் 9

இலங்கை மலையகத்தில் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் பக்கம் ஞாயிறுகளில் தூண்டிலோடு போகிறவன் நான். பெரும்பாலும் திலாப்பியா, எப்போதாவது கெண்டை. மீனோடு ஒரு நல்ல படம், மீன் இழுக்கும்போது ஒரு வீடியோ, அவ்வளவுதான் ஆசை. கையில் 80,000 ரூபா இருக்கிறது. ஆக்‌ஷன் கெமரா வாங்கு என்கிறான் ஒருத்தன். தண்ணீர் புகாத சின்னக் கெமரா வாங்கு என்கிறான் இன்னொருத்தன். லென்ஸ் மாற்றுகிற கெமராதான் கெமரா என்கிறார் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன். எதைக் கேட்பது?

பதில் – மார்ச் 9, இரவு

ஒன்றும் வேண்டாம். போன் போதும்.

ஹட்டனில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கெமரா விற்று எனக்கு ஐந்து சதம் வராது, அதனால் நம்பலாம். இப்போது வரும் நடுத்தர விலைப் போனே பகல் வெளிச்சத்தில் எடுக்கும் படம் பேஸ்புக்குக்கும் வட்ஸ்அப்புக்கும் தாராளம். பெரிய கெமரா அழகாக எடுக்கும், மறுப்பில்லை. அதைப் பையிலிருந்து எடுத்து, மூடியைக் கழற்றி, கழுத்தில் மாட்டி முடிப்பதற்குள் மீன் சட்டிக்குப் போய்விடும். அந்தக் காசுக்கு நல்ல ரீல் ஒன்று வாங்குங்கள்.

மார்ச் 10

நேற்று ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஈரக்கை.

மீனைப் பிடித்தவுடன் நிலைமை இதுதான்: இடது கையில் திலாப்பியா, முதுகு முள் குத்தாமல் தலைப்பக்கமிருந்து தடவி அமுக்கிப் பிடித்திருக்கிறீர்கள். தூண்டில் கம்பு கக்கத்தில். வலது கையில் மீன் வழுவழுப்பும் மாவு உருண்டையும். இந்தக் கையால் தொட்டால் போன் திரை உங்களை மதிக்காது. தண்ணீர்த் துளியையும் விரல் என்று நினைத்துக்கொண்டு தானே எதையாவது திறக்கும். ஒரு தடவை என் போன் மாமியாருக்கு வீடியோ கோல் போட்டுவிட்டது. மீனைக் காட்டித் தப்பித்தேன்.

வீட்டிலேயே கெமராவைத் திறந்து வைத்துவிட்டு, சத்தம் கூட்டும் பட்டனை அமுக்கிப் படம் எடுக்கப் பழகுங்கள். ஈரக்கையிலும் வேலை செய்யும்.

மார்ச் 17

இதற்கு முன்னால் எழுதிய இரண்டையும் வேறு யாரோ எழுதியதாக நினைத்துக்கொள்ளுங்கள். என் போன் காசல்ரீயில் கிடக்கிறது.

சரியாகச் சொன்னால், கிடந்தது. முழங்கால் அளவு தண்ணீர்தான், சேற்றில் துழாவி எடுத்துவிட்டேன். தண்ணீர் புகாது என்று அட்டையில் போட்ட போன்தான். ஆனால் போன வருடம் பெட்டரி மாற்ற நானே அதன் முதுகைத் திறந்தேன். திறந்தால் உள்ளே சுற்றிவர இருக்கும் பசை அறுந்துவிடும், திரும்ப ஒட்டினாலும் கம்பெனி ஒட்டின மாதிரி வராது. வாடிக்கையாளருக்குத் தினமும் ஓதுகிற மந்திரம் இது. என் போனுக்கு மட்டும் சொல்ல மறந்துவிட்டேன்.

ஐபி67 என்று போட்டிருந்தால் 1 மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம் அசையாமல் வைத்துச் சோதித்தார்கள் என்று அர்த்தம். சோதித்தது புதுப் போனை. விழுந்து விளிம்பு நெளிந்த போனுக்கு அந்த எண் செல்லாது. இன்னொன்று, அரிசிக்குள் புதைக்காதீர்கள். அரிசி ஒன்றையும் உறிஞ்சி எடுக்காது, மாவுத்தூள் சார்ஜர் துவாரத்தில் அடைத்து எனக்கு இன்னொரு வேலை வைக்கும். போனை அணைத்து, சார்ஜ் ஏற்றாமல், அன்றைக்கே திறக்கக் கொடுங்கள்.

ஆக, போன் போதும் என்ற பேச்சை வாபஸ் வாங்குகிறேன். ஒரே போனில்தான் பேங்க், பிள்ளையின் பள்ளிக்கூட குரூப், கடைக் கணக்கு எல்லாம் இருக்கிறது. அதைத் தண்ணீர்க் கரைக்குக் கொண்டுபோகலாமா என்பதுதான் முதல் கேள்வி. படத்தின் தரம் அதற்குப் பிறகு.

ஏப்ரல் 15

வருடப் பிறப்புக்குக் கட்டாரிலிருந்து மச்சான் வந்திருக்கிறார், கையில் ஒரு கோப்ரோ ஹீரோ 9. இரண்டு நாள் இரவல் வாங்கினேன்.

நல்லது முதலில். எந்த உறையும் இல்லாமல் 10 மீட்டர் வரை தாங்கும். நெஞ்சில் பட்டி கட்டி மாட்டினால் இரண்டு கையும் தூண்டிலுக்கு. ஈரக்கைச் சண்டை முடிந்தது. ஹைண்ட்சைட் என்று ஒரு வசதி இந்த மொடலில்தான் வந்தது. எப்போதும் கடைசி 15 அல்லது 30 செக்கனை நினைவில் வைத்திருக்கும், மீன் இழுத்த பிறகு பட்டனை அமுக்கினாலும் இழுப்பதற்கு முன்னால் நடந்ததிலிருந்து பதிவாகும். தூண்டில்காரனுக்கென்றே யோசித்த மாதிரி இருக்கிறது. பெட்டரியை மட்டும் நன்றாகத் தின்னும்.

இனி கெட்டது. நான் அந்த வசதியை நம்பாமல் முழுக்க ஓடவிட்டேன். நான்கு மணித்தியாலம். வீட்டில் போட்டுப் பார்த்தால் கம்பு நுனி, என் வயிறு, தண்ணீர், கம்பு நுனி, பிளேன்டீ குடிக்கும் என் கை. இரண்டு மீன் வந்த நேரத்தில் பெட்டரி மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மெமரி கார்ட் கணக்கையும் எழுதிவைக்கிறேன். வீடியோ செக்கனுக்கு 60 மெகாபிட் வேகத்தில் பதிவாகிறது என்றால் எட்டால் வகுக்க 7.5 மெகாபைட். மணித்தியாலத்துக்கு 27 ஜிபி. 100 மெகாபிட்டில் வைத்தால் 45 ஜிபி. நான்கு மணித்தியாலம் வயிற்றைப் படம் பிடிக்க 180 ஜிபி. கார்டில் வி30 அல்லது யு3 என்று போட்டிருக்க வேண்டும், செக்கனுக்கு 30 மெகாபைட்டுக்குக் குறையாமல் எழுதும் என்பது அதன் பொருள். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று பாதையோரத்தில் வாங்கிய 256 ஜிபி கார்ட் ஒன்று கடைக்கு வந்தது. சோதித்துப் பார்த்தேன், உள்ளே இருந்தது 16. மிச்சம் ஸ்டிக்கரில்தான்.

ஏப்ரல் 16

மீன் ஏன் நெத்தலி மாதிரித் தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆக்‌ஷன் கெமராவின் லென்ஸ் ரொம்ப அகலம். கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதே தள்ளிப்போய்ச் சிறுக்கும். மீனை லென்ஸுக்கு அருகே நீட்டினால் எதிர்மாறு: கால் கிலோ மீன் இரண்டு கிலோ ஆகும், பிடித்திருக்கும் விரல்களும் வாழைப்பழம் மாதிரி ஆகும். ஊரில் பெரிய மீன் படம் போடுகிற எல்லோருடைய விரலையும் ஒரு தடவை கவனித்துப் பாருங்கள்.

மே 5

நுவரெலியாவிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார், தண்ணீருக்குள் மீன் கண்ணுக்குத் தெரிகிறது, படத்தில் வானம்தான் தெரிகிறது என்று. அவர் பார்ப்பது டிரவுட்டாக இருக்கலாம். 1880களில் வெள்ளைக்காரர் கொண்டுவந்து அந்த மலை ஓடைகளில் விட்ட மீன். நம்முடைய திலாப்பியாவும் வந்தேறிதான், 1952இல் வந்தது. தேயிலை, நாம், மீன், எல்லோரும் கப்பல் ஏறி வந்தவர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு வேண்டியது லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைசர் கண்ணாடி. தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை மறிக்கும். நேரே குனிந்து பார்த்தால் பயனில்லை. பரப்புக்கு ஏறத்தாழ 37 பாகை சாய்வில் பார்க்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும். கண்ணாடியை மெல்லச் சுற்ற வேண்டும், ஒரு இடத்தில் வானம் சட்டென்று விலகி அடியில் கல் தெரியும். பாதிக்கு மேல் வெளிச்சம் போய்விடும் என்பதால் விடியற்காலையில் கழற்றிவிடுங்கள்.

காசில்லாத வழி: போலரைஸ்டு கூலிங் கிளாஸ் இருந்தால் அதன் ஒரு கண்ணைப் போன் லென்ஸ் முன்னால் பிடித்துச் சுற்றிப் பாருங்கள்.

இதில் ஒரு சிரிப்பு. போன மாதம் ஒருவர் போனைக் கொண்டுவந்தார், நேராகப் பிடித்தால் திரை எரிகிறது, படுக்கவைத்தால் செத்துப்போகிறது, மீன்பிடிக்கப் போன இடத்தில்தான் இப்படி ஆனது என்று. பத்து நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எனக்கு ஒழுங்காக எரிந்தது. கடைக்குள்ளும் அவர் கூலிங் கிளாஸைக் கழற்றவில்லை. கழற்றச் சொன்னேன். காசு வாங்கவில்லை.

மே 26

வெசாக் முடிந்து சிவனொளிபாத மலை சீசனும் முடிந்தது, இனி ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மழை. மழைக்குப் பயந்தவன் இங்கே செப்டெம்பர் வரை தூண்டிலைத் தொட முடியாது. அதனால் பனி மூட்டத்தைப் பற்றி.

கெமராவுக்குள் புகை படிந்த மாதிரி ஆவதைத் தண்ணீர் புகுந்துவிட்டது என்று நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். குளிரில் கிடந்த கெமராவைச் சூடும் ஈரமுமான இடத்துக்குக் கொண்டுவந்தால் காற்றிலிருக்கும் ஈரம் கண்ணாடியில் படியும். காலை ஐந்தரைக்குக் கரையில் இருந்துவிட்டு நேரே போய் அடுப்படியில் குந்தினால் கண்ணாடி வியர்க்கத்தான் செய்யும். குளிரிலேயே ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டுங்கள், வீட்டில் அரை மணித்தியாலம் அப்படியே விடுங்கள். வியர்வை பைக்கு வெளியே படியும். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தையும் உள்ளே போடலாம்.

பெட்டரியும் குளிரில் சீக்கிரம் படுத்துவிடும். ஜனவரி உறைபனிக் காலத்தில் நுவரெலியாப் பக்கம் போகிறவர்கள் உபரி பெட்டரியை உள்சட்டைப் பையில் உடம்போடு வைத்திருங்கள். செத்தது என்று நினைத்தது சூடேறியதும் கொஞ்ச நேரம் ஓடும்.

ஜூன் 16

வாங்கிவிட்டேன். தண்ணீர் புகாத சின்னக் கெமரா, பாவித்தது. இங்கே எல்லோரும் சொல்லும் ஒலிம்பஸ் டிஜி-6 இல்லை. (அது 2019இல் வந்தது, 15 மீட்டர் தாங்கும், எஃப் 2 லென்ஸ், மங்கல் வெளிச்சத்துக்கு நல்லது. அடுத்த மொடல் டிஜி-7, 2023இல் ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் வந்தது. புதிது உங்கள் 80,000க்கு வராது.) என்னுடையது வேறு கம்பெனி, பெயர் வேண்டாம்.

முதல் ஞாயிறு அருமை. பெரிய பட்டன், ஒரு கையால் எடுக்கலாம், கரைத் தண்ணீரில் முக்கி மீன் வழுவழுப்பைக் கழுவலாம். திலாப்பியாவின் கண்ணை ஒரு சாண் தூரத்திலிருந்து எடுத்தேன், கண்ணைச் சுற்றியிருந்த பொன் வளையம் தெரிந்தது.

இரண்டாவது ஞாயிறு, அதாவது இன்று, உள்ளே தண்ணீர். திரையில் கோடு, பிறகு இருட்டு. விற்றவர் ஒரு தடவையும் தண்ணீரில் போடாதது என்று சத்தியம் பண்ணினார். ஏற்கெனவே ஓட்டையாகிப்போனதைத்தான் என் தலையில் கட்டிவிட்டார். பாவித்த தண்ணீர்க் கெமராவை யாரும் வாங்காதீர்கள்.

ஜூன் 19

மேலே விற்றவரைத் திட்டி எழுதினேன். அதை அழிக்கவில்லை, ஆனால் தப்பு என்னுடையது.

நேற்றுக் கடையை மூடிவிட்டு, போன் போர்டு பார்க்கும் மைக்ரோஸ்கோப்பில் கெமராவின் பெட்டரிக் கதவை வைத்துப் பார்த்தேன். கதவைச் சுற்றி ஓடும் றப்பர் வளையத்தின் குறுக்கே, நகம் வெட்டிய துண்டு மாதிரி, மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்று. வெறும் கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஊசியால் கிளப்பி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன், வளையம் வளையமாக வரி ஓடியது. மீன் செதில். கரையில் குந்தி, மீன் கையோடு கதவைத் திறந்து பெட்டரி மாற்றியது நான்தான். கதவு டக்கென்று பூட்டியது, கதவு திறந்திருப்பதைக் காட்டும் சிவப்பு அடையாளமும் மறைந்தது, எல்லாம் ஒழுங்கு மாதிரித்தான் இருந்தது.

விற்றவருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். நான் திட்டி எழுதியது அவருக்குத் தெரியவே தெரியாதாம். வீணாக ஒரு மன்னிப்பு.

ஜூன் 30

கெமரா பிழைத்துவிட்டது. ஐசோப்ரொப்பைல் அல்கஹோல் போட்டுக் கழுவி, இரண்டு பின்னில் இருந்த துருவை எடுத்தேன். ஃபிளாஷ் மட்டும் வேலை செய்யாது. அதை நான் போடுவதும் இல்லை.

இப்போது என் வழக்கம்: கரையில் கதவைத் திறப்பதே இல்லை. வீட்டில் முழுச் சார்ஜ், வெறும் கார்ட், கதவைப் பூட்டு முன் பழைய பல் பிரஷ்ஷால் றப்பரைத் தட்டி, டோர்ச் அடித்து ஒரு சுற்றுப் பார்ப்பேன். முடி, மணல், நூல், செதில், எது குறுக்கே கிடந்தாலும் அந்தப் பாதையில் தண்ணீர் போகும். பெட்டரி தீர்ந்தால் தீரட்டும்.

கூடவே மிதக்கும் கைப்பட்டி. கடையில் வாங்கலாம், நான் ரப்பர் செருப்புத் துண்டை வெட்டிக் கோர்த்திருக்கிறேன். பக்கெட்டில் போட்டுச் சோதித்தேன், ஒரு துண்டுக்குத் தாழ்ந்தது, மூன்றுக்கு மிதந்தது.

ஜூலை 7

ட்ரோன் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிகளைப் பார்த்து, பதிய வேண்டியதைப் பதிந்து, அனுமதி எடுத்துப் பறக்கவிடுங்கள். அணைக்கட்டுப் பக்கம் கையில் கெமரா வைத்திருந்தாலே விசில் ஊதுகிறார்கள். எனக்கு வேண்டாம்.

ஜூலை 8

இரவில் கரையோரக் கடையின் பல்பு வெளிச்சத்தில் எடுத்த வீடியோ துடிக்கிறது என்றவருக்கு: நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். வீடியோவைச் செக்கனுக்கு 30 பிரேமில் வைக்காமல் 25 அல்லது 50இல் வையுங்கள், பெரும்பாலும் அடங்கும். மலிவு எல்ஈடி பல்பு என்றால் நான் பொறுப்பில்லை.

ஜூலை 21

படத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், சத்தத்தை விட்டுவிட்டோம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

மவுசாகலைக்கு அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது, தெரியும்தானே. 1960களின் கடைசியில் மூழ்கியது. தண்ணீர் நன்றாக வற்றும் வருடங்களில் பழைய கோயில் வெளியே தலைகாட்டும். சில வருடத்துக்கு முன்னால் அப்படி வற்றிய நேரம் அப்பாவையும் தூண்டிலுக்குக் கூட்டிப்போனேன். ஊர் மூழ்கும்போது அப்பாவுக்குப் பத்து வயதிருக்கும். மீனை மறந்துவிட்டார். வெடித்த சேற்றில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடந்து, இது கடைவீதி, இதில்தான் உங்கள் தாத்தா மண்ணெண்ணெய் வாங்குவார், இந்தப் பக்கம் தேர் திரும்பும் என்று கையை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டே போனார். இருபது நிமிடம் போனில் எடுத்தேன்.

வீட்டில் போட்டால் காற்று. இருபது நிமிடமும் காற்று. நீர்த்தேக்கத்தின் மேல் தடையில்லாமல் வரும் காற்று மைக் துவாரத்தில் நேரே அடித்திருக்கிறது. அப்பாவின் வாய் அசைகிறது, கை நீள்கிறது, தாத்தா எங்கே மண்ணெண்ணெய் வாங்கினார் என்பது கேட்கவில்லை. மங்கின படத்தை எப்படியாவது பார்த்துவிடலாம், போன சத்தத்தை ஒன்றும் செய்ய முடியாது.

இதற்கு விலையுயர்ந்த மைக் வேண்டாம். காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். மைக் துவாரத்தின் மேல் பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சில் சின்னத் துண்டு வெட்டி டேப் போட்டு ஒட்டுங்கள். அதைவிட நல்லது, பேசுகிறவரின் சட்டைப் பையில் ஒரு பழைய போனைக் குரல் பதிவில் ஓடவிட்டுப் போடுவது. ஆரம்பத்தில் ஒரு தடவை கை தட்டுங்கள். பிறகு படத்தில் கை சேரும் இடத்தையும் பதிவில் தட்டு விழும் இடத்தையும் ஒன்றாக வைத்தால் இரண்டும் சேர்ந்து ஓடும். திரை கீறிய பழைய போன் எல்லார் வீட்டு லாச்சியிலும் ஒன்று தூங்கும்.

ஆகஸ்ட் 4

கேள்வி கேட்டவர் ஐந்து மாதத்துக்குப் பிறகு வந்து, 80,000 ரூபாயில் ரீல் வாங்கிவிட்டேன், உங்கள் முதல் பதிலை மட்டும்தான் வாசித்தேன் என்று எழுதியிருக்கிறார். நல்ல ரீல்தான், படம் போட்டிருக்கிறார். போனில் எடுத்த படம்.

அந்தப் போன் இன்னும் காய்ந்திருந்தால் மேலே மார்ச் 17ஐ வாசியுங்கள் தம்பி. மீண்டும் காசு சேர்ந்தால், தனியாகப் போகிறவர் என்றால் இழுப்பதற்கு முன்னால் நடந்ததைச் சேமிக்கிற ஆக்‌ஷன் கெமரா, பாவித்ததே போதும். மீன் படம்தான் முக்கியம் என்றால் என்னுடையது மாதிரிச் சின்னக் கெமரா, செதில் இல்லாமல்.

ஆகஸ்ட் 12

நேற்று அப்பாவோடு மறுபடி மவுசாகலை. தண்ணீர் நிறைந்திருக்கிறது, ஒரு கல்லும் தெரியவில்லை. பரவாயில்லை என்று தண்ணீரைக் காட்டியே சொல்லச் சொன்னேன். சட்டைப் பையில் பழைய போன், கை தட்டினோம், காற்றும் இல்லை.

இரவு போட்டுக் கேட்டேன். குரல் தெளிவாக இருக்கிறது. கூடவே, ஒவ்வொரு வார்த்தைக்கும், கிண் கிண் கிண் என்று ஒரு சத்தம். அப்பா அதே பையில்தான் வெற்றிலைப் பெட்டியையும் சுண்ணாம்பு டப்பாவையும் வைத்திருக்கிறார். மண்ணெண்ணெய்க் கடை கோயிலுக்கு வலப்பக்கமாம். அது மட்டும் கேட்டது.